நின்ற வண்டி: டெலாவேரில் கோழிக்குஞ்சுகள் இறந்தது எதனால்?

2025 ஏப்ரல் கடைசி வாரம். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் ரைன்ஹோல்ட்ஸ் என்ற சிற்றூரில் உள்ள ஃப்ரீடம் ரேஞ்சர் ஹேச்சரி (குஞ்சு பொரிப்பகம்), அந்த வாரம் பொரித்த குஞ்சுகளை வழக்கம்போல் அட்டைப்பெட்டிகளில் அடைத்துத் தபாலில் அனுப்பியது. பல மாநிலங்களில் இருக்கும் சிறு பண்ணைகளுக்கும், வீட்டுக் கொல்லையில் கோழி வளர்ப்பவர்களுக்கும் போக வேண்டிய குஞ்சுகள். பக்கத்து மாநிலமான டெலாவேரில், ஒரு தபால் மையத்தில், அந்தப் பெட்டிகளை ஏற்றிய வண்டி மூன்று நாள் யாரும் தொடாமல் நின்றுவிட்டது. மே மாதத் தொடக்கத்தில் திறந்து பார்த்தபோது ஆயிரக்கணக்கான குஞ்சுகள் செத்துக் கிடந்தன. ஆயிரக்கணக்கான குஞ்சுகள் உயிரோடும் இருந்தன. மொத்தச் சரக்கு 12,000 குஞ்சுகள் அளவில் இருந்ததாகச் செய்திகள் வந்தன. நடைமுறையில் எங்கோ கோளாறு நேர்ந்துவிட்டது, விசாரிக்கிறோம் என்று தபால் துறை சொன்னது.

செய்தியைப் படித்த பெரும்பாலோர், தீனியும் தண்ணீரும் இல்லாமல் செத்தன என்றுதான் எடுத்துக்கொண்டார்கள். மூன்று நாள் பட்டினி என்றால் வேறென்ன காரணம் வேண்டும் என்று தோன்றுவது இயல்பு. ஆனால் செத்த குஞ்சுக்கும் பிழைத்த குஞ்சுக்கும் பட்டினி ஒன்றுதான். ஒரே ஹேச்சரி, ஒரே வண்டி, ஒரே மூன்று நாள். அப்படியிருந்தும் ஒரு பங்கு செத்தது, ஒரு பங்கு பிழைத்தது. கோழி மருத்துவம் பார்க்கிற எனக்கு இந்த வித்தியாசம்தான் முக்கியமாகப் படுகிறது. நெடுந்தூரப் பயணத்தில் குஞ்சை முதலில் கொல்வது காற்றோட்டம் நின்ற பெட்டிக்குள் தேங்கும் சூடு. பட்டினி அதற்குப் பின்னால்தான் வருகிறது. வண்டி ஓடுகிற நேரத்தைவிட நிற்கிற நேரமே ஆபத்து. டெலாவேர் நிகழ்வை அந்தக் கோணத்தில் பிரித்துப் பார்ப்பதே இந்தக் கட்டுரை.

தபாலில் குஞ்சு வருவது எப்படி

நம் ஊரில் இதைச் சொன்னால் நம்ப மாட்டார்கள். ஆனால் அமெரிக்காவில் 1918 முதல் ஒரு நாள் வயதுக் குஞ்சுகளைத் தபால் துறை ஏற்று எடுத்துச் செல்கிறது. அதற்கு முன்பே, 1892இல், நியூ ஜெர்சியின் ஸ்டாக்டன் ஊரைச் சேர்ந்த ஜோசப் வில்சன் ரயிலில் குஞ்சுகளை அனுப்பி, அவை உயிரோடு போய்ச் சேரும் என்று காட்டியிருந்தார். அந்த நாட்டின் ஹேச்சரித் தொழில் வளர்ந்ததே இந்த வசதியின் மேல்தான். ஐம்பது குஞ்சு வேண்டும் என்கிற சிறு விவசாயிக்கு எந்த ஹேச்சரியும் தனி வண்டி அனுப்பாது. தபால்தான் அவருக்கு வழி. அதனால்தான் ஒவ்வொரு துயரச் செய்தி வரும்போதும் தடை செய்யுங்கள் என்ற குரலும், தடை செய்தால் நாங்கள் எங்கே போவோம் என்ற குரலும் சேர்ந்தே எழுகின்றன. இரண்டாவது குரலை நான் அலட்சியப்படுத்த மாட்டேன்.

விதிகள் தெளிவாகத்தான் இருக்கின்றன. தபாலில் சேர்க்கும்போது குஞ்சுக்கு 24 மணி நேரத்துக்கு மேல் வயது ஆகியிருக்கக் கூடாது. பொரித்த தேதியையும் மணியையும் ஹேச்சரி பெட்டியின் மேல் எழுத வேண்டும். பொரித்த நேரத்திலிருந்து 72 மணி நேரத்துக்குள் வாங்குபவர் கையில் சேர வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2005ஆம் ஆண்டு விலங்குப் போக்குவரத்து ஒழுங்குமுறையிலும் இதே 72 வருகிறது: பொரித்த 72 மணி நேரத்துக்குள் பயணம் முடிந்துவிடுமானால், 24 மணி நேரம் வரையிலான பயணத்தில் குஞ்சுகளுக்குத் தீனி, தண்ணீர் கட்டாயமில்லை. இரண்டு இடத்திலும் கடிகாரம் பொரித்த நேரத்திலிருந்து ஓடுகிறது, பெட்டியை ஏற்றிய நேரத்திலிருந்து அல்ல. இதைத்தான் நடைமுறையில் எல்லோரும் மறக்கிறார்கள்.

72 மணி எங்கிருந்து வந்தது

பொரிப்பதற்கு ஓரிரு நாள் முன்பு, முட்டைக்குள் மிச்சம் இருக்கும் மஞ்சள்கருவை குஞ்சு தொப்புள் வழியாகத் தன் வயிற்றுக்குள் இழுத்துக்கொள்கிறது. நாற்பது கிராம் எடையுள்ள குஞ்சில் ஐந்தாறு கிராம் வரை இந்த மஞ்சள்கரு இருக்கும். வழிக்குக் கட்டிக்கொடுத்த கட்டுச்சோறு போல அதுதான் முதல் இரண்டு மூன்று நாளுக்குக் கொழுப்பும் புரதமும் தருகிறது. கொழுப்பு உடலில் எரியும்போது கொஞ்சம் நீரும் கிடைக்கிறது. இயற்கையில் இதற்குத் தேவை உண்டு. அடைகாக்கும் தாய்க்கோழியின் கீழே எல்லா முட்டையும் ஒரே நேரத்தில் பொரிப்பதில்லை. கடைசி முட்டை பொரிக்கும்வரை தாய் எழுந்திருக்காது. முதலில் வந்த குஞ்சு அதுவரை தாக்குப்பிடிக்க வேண்டும். குஞ்சுப் போக்குவரத்து என்ற தொழிலே இந்த ஏற்பாட்டைக் கடன் வாங்கி நடக்கிறது.

ஆனால் மஞ்சள்கருவின் வேலை பசியாற்றுவதோடு முடிவதில்லை. தாய்க்கோழி தந்த நோய் எதிர்ப்புப் புரதங்கள் அதில்தான் இருக்கின்றன. அவை மெல்ல மெல்ல இரத்தத்துக்குப் போக வேண்டும். தீனி குடலுக்குள் இறங்கினால்தான் குடலின் உட்புறத்தில் சத்தை உறிஞ்சும் விரலிகள் வளரும். மஞ்சள்கரு உறிஞ்சப்படுவதும் வேகமெடுக்கும். பட்டினி நீள நீள, வளர்ச்சிக்கு உரிய சத்து வெறும் உயிர் தரிப்புக்கே செலவாகிறது. 72 மணி நேரத்துக்குள் கொண்டுபோனால் போதும் என்று எண்ணுகிறவர்கள் இதைக் கணக்கில் எடுப்பதில்லை. அந்த நேரம் கடைசி எல்லை. அதை இலக்காக வைத்து வண்டி விடக் கூடாது.

இன்னொன்று. ஹேச்சரி இயந்திரத்தில் ஒரே நாள் வைத்த முட்டைகளில் முதல் குஞ்சுக்கும் கடைசிக் குஞ்சுக்கும் இடையே 24 முதல் 36 மணி நேரம் இடைவெளி விழும். கடைசிக் குஞ்சு காயும்வரை காத்திருந்துதான் தட்டுகளை வெளியே இழுப்பார்கள். பிறகு தரம் பிரித்தல், ஆண் பெண் பிரித்தல், மாரெக்ஸ் என்ற கோழி நோய்க்கான தடுப்பூசி, எண்ணி அடைத்தல். பெட்டி மூடப்படும்போதே அதில் சில குஞ்சுகளுக்கு ஒன்றரை நாள் போயிருக்கும். பெட்டியின் மேல் எழுதும் பொரித்த மணி முழுத் தட்டுக்கும் பொதுவானது. முந்திப் பிறந்த குஞ்சுக்கு அந்த மணி பொருந்தாது. டெலாவேரில் நின்ற வண்டியில் ஒரு நாள் பயணமும் மூன்று நாள் நிறுத்தமும் சேர்த்தால், முந்திப் பிறந்தவை நான்கு நாளையும் தாண்டியிருக்க வேண்டும். 72 மணி எல்லை எப்போதோ போய்விட்டது. அப்படியும் ஆயிரக்கணக்கில் பிழைத்தன என்பதை மறுபடியும் சொல்லத் தோன்றுகிறது. பட்டினி மட்டும் காரணமாக இருந்திருந்தால், ஏறக்குறைய எல்லாமே ஒரு கட்டத்தில் ஒன்றாகச் சாய்ந்திருக்கும்.

பெட்டிக்குள் என்ன நடக்கிறது

பிறந்த குஞ்சுக்குத் தன் உடல் சூட்டைத் தானே கட்டுப்படுத்தும் திறன் கிடையாது. அது வர ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். அதுவரை சுற்றியிருக்கும் காற்று சூடானால் குஞ்சும் சூடாகும், குளிர்ந்தால் குளிரும். எச்சத்துவாரத்தில் வெப்பமானி வைத்தால் 39.4 முதல் 40.5 டிகிரி செல்சியஸ் காட்ட வேண்டும். 41 டிகிரியைத் தாண்டினால் வாயைப் பிளந்து மூச்சிரைக்கத் தொடங்கும். வியர்வைச் சுரப்பி இல்லாத உயிருக்கு மூச்சில் நீரை ஆவியாக்குவதுதான் சூட்டை இறக்கும் முக்கிய வழி. நல்ல சூழலில் ஒரு குஞ்சு முதல் 24 மணி நேரத்தில் ஒன்று, இரண்டு கிராம் ஈரத்தை இழக்கும். மூச்சிரைக்க ஆரம்பித்தால் அதே நேரத்தில் ஐந்து முதல் பத்து கிராம் வரை போய்விடும். நாற்பது கிராம் உடலில் பத்து கிராம். மூன்று நாளுக்கு வர வேண்டிய நீர் ஒரு நாளிலேயே காலியாகிறது. தாகத்தால் செத்தது என்று நாம் சொல்கிற குஞ்சில் பாதி உண்மையில் சூட்டால் செத்தது என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

பெட்டிக்குள் 32, 33 டிகிரி இருக்க வேண்டும். வண்டிக்குள் 22 முதல் 28 டிகிரி போதும் என்கின்றன குஞ்சு நிறுவனங்களின் கையேடுகள். இடையில் இருக்கும் அந்த நான்கு முதல் பதினோரு டிகிரி எங்கிருந்து வருகிறது? குஞ்சுகளிடமிருந்தே வருகிறது. ஒரு குஞ்சு கால் வாட் வெப்பம் வெளியிடுகிறது என்று குறைத்தே கணக்குப் போட்டாலும், 12,000 குஞ்சுக்கு 3,000 வாட் ஆகிறது. ஆயிரம் வாட் ரூம் ஹீட்டர் மூன்றை ஒரு டிரெய்லருக்குள் வைத்து, அணைக்காமல், மூன்று நாள் பூட்டி வைத்த கணக்கு. அந்தச் சூட்டை வெளியே தள்ள ஆயிரம் குஞ்சுக்கு நிமிடத்துக்கு 0.71 கனமீட்டர் புதுக்காற்று வேண்டும். 12,000 குஞ்சுக்கு எட்டரை கனமீட்டர். அதுவும் இடைவிடாமல். காற்று நின்றால் சூட்டோடு மூச்சில் வந்த ஈரமும் கரியமில வாயுவும் தேங்கும். ஈரம் ஏறிய காற்றில் எவ்வளவு மூச்சிரைத்தாலும் நீர் ஆவியாகாது. குஞ்சு நீரையும் இழக்கிறது, சூடும் இறங்குவதில்லை.

வெளியே வெயில் கொளுத்த வேண்டும் என்ற தேவையே இல்லை. ஏப்ரல் கடைசியில் டெலாவேரில் வசந்தகாலம். நம் கத்திரி வெயிலோடு ஒப்பிடவே முடியாத இதமான பருவம். வண்டிக்குள் இருந்த சூட்டைக் குஞ்சுகளே உண்டாக்கின, யாரும் வெளியே எடுத்துவிடவில்லை, அவ்வளவுதான்.

அட்டைப்பெட்டியின் அமைப்பைக் கிட்ட வைத்துப் பார்த்தால் இது இன்னும் விளங்கும். நூறு குஞ்சுப் பெட்டி நான்கு அறையாகப் பிரிக்கப்பட்டு, அறைக்கு 25 குஞ்சு. ஒரே இடமாக விட்டால் வளைவுகளில் எல்லாம் ஒரு மூலைக்குச் சரிந்து ஒன்றன்மேல் ஒன்று ஏறி மூச்சு முட்டும். மிகக் குறைவாகப் போட்டால் ஒன்றையொன்று சூடாக்க முடியாமல் குளிர்ந்துவிடும். அமெரிக்க ஹேச்சரிகள் குறைந்தபட்சம் இத்தனை வாங்க வேண்டும் என்று வைப்பதற்கு அதுவும் காரணம். பக்கங்களிலும் மேலேயும் துளைகள். மூடியில் நான்கு மூலையிலும் முனைகள் எழும்பி நிற்கும். அடுக்கும்போது மேல் பெட்டி கீழ்ப் பெட்டியின் துளையை அடைத்துவிடாமல் இரண்டுக்கும் நடுவே காற்று போக இடம் விடுவதற்காக. இத்தனை அமைப்பும் காற்று அசைந்துகொண்டிருக்கும் என்ற ஒரே நம்பிக்கையில் செய்தது. காற்று அசையாத இடத்தில் பெட்டியின் துளைக்கு வேலையே இல்லை.

யார் பிழைத்தது

அடுக்கின் நடுவில் இருந்த பெட்டிகளில்தான் அதிகம் செத்திருக்கும், கதவோரமும் வெளி வரிசையும்தான் பிழைத்திருக்கும் என்பது என் கணிப்பு. எந்தச் சரக்கு வண்டியை இறக்கினாலும் பார்க்கிற ஒழுங்கு இது. நடுப் பெட்டியைத் தூக்கினால் அடியில் வைத்த காகிதத் துண்டுகள் ஈரமாக, கையில் வெதுவெதுப்பாக இருக்கும். மயிர் நனைந்து ஒட்டிய குஞ்சுகள் இறக்கையை விரித்துக் கிடக்கும். சத்தம் வராது. ஓரப் பெட்டியில் கீச்கீச் என்று காது கிழியும். புதிதாகப் பார்க்கிறவர்கள் கத்துகிற பெட்டியைப் பார்த்துப் பதறுவார்கள். கத்துகிற குஞ்சுக்குக் குளிர்கிறது, அல்லது பசிக்கிறது, காப்பாற்றிவிடலாம். வாயைப் பிளந்துகொண்டு அமைதியாக இருக்கிற பெட்டியைத்தான் முதலில் தூக்க வேண்டும்.

உயிரோடு இருந்தவை கேம்டனில் உள்ள ஒரு விலங்குக் காப்பகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. நாய், பூனைகளுக்கு வீடு தேடித் தரும் இடம் அது. ஒரே நாளில் ஆயிரக்கணக்கான குஞ்சுகளுக்குச் சூடு, தண்ணீர், தீனி, இடம் எல்லாம் ஏற்பாடு செய்ய வேண்டியிருந்தது. திருப்பி வாங்கிக்கொள்ள ஹேச்சரியால் முடியவில்லை. வெளியே போய் வந்த குஞ்சு நோயையும் கொண்டு வரலாம் என்பதால் எந்த ஹேச்சரியும் திரும்ப உள்ளே விடாது. 2022 முதல் பறவைக் காய்ச்சல் அந்த நாட்டுப் பண்ணைகளை உலுக்கிவரும் நிலையில் அதைக் குறை சொல்ல முடியாது. இறைச்சிக்கு வாங்கிக்கொள்கிறோம் என்று வந்தவர்களைக் காப்பகம் மறுத்தது. மே மாத நடுவில் சில நூறு குஞ்சுகளுக்கு மட்டுமே ஆள் கிடைத்திருந்தது. இறைச்சிக்காக உருவாக்கிய இனம் வேகமாக எடை போடும். செல்லமாக வளர்க்க எடுத்துப் போனவர்கள் அதையும் சமாளித்தாக வேண்டும். வண்டியில் தொடங்கிய சங்கடம் வண்டியோடு முடியவில்லை.

இதற்கு ஐந்து ஆண்டுக்கு முன், 2020 ஆகஸ்டில், மெய்ன் மாநிலத்துப் பண்ணையாளர்களுக்குத் தபாலில் வந்த குஞ்சுகள் பெட்டி பெட்டியாகச் செத்து வந்தன. அம்மாநில நாடாளுமன்ற உறுப்பினர் செல்லி பிங்ரி, 4,800 குஞ்சுகள் இறந்ததாகத் தபால் துறைத் தலைவருக்கும் வேளாண் துறைச் செயலருக்கும் கடிதம் எழுதினார். தபால் துறையில் செலவுக் குறைப்பு மாற்றங்கள் நடந்து, எங்கும் தாமதம் என்ற புகார் எழுந்த நேரம் அது. கடிதம் இரண்டு நாள் தாமதமானால் கடிதம்தான் தாமதமாகிறது. அதே கிடங்கில், அதே தாமதத்தில், குஞ்சுப் பெட்டி கிடந்தால் சாவு. ஒரு பெட்டியில் உயிர் இருக்கிறது என்பதற்காக அந்தப் பெட்டிக்கென்று தனியாக ஓர் ஆள் பொறுப்பேற்காத எந்த ஏற்பாட்டிலும் இது திரும்பத் திரும்ப நடக்கும்.

நம் சாலைகளில்

பல்லடம், உடுமலை, நாமக்கல் பக்கத்திலிருந்து இரவோடு இரவாகக் குஞ்சு வண்டிகள் கிளம்புவதைப் பார்த்தவர்களுக்கு இந்த விஷயம் தொலைதூரத்துச் செய்தி ஆகாது. நம்மிடம் தபால் இல்லை. ஹேச்சரியின் சொந்த வேன் உண்டு, வாடகை பிக்கப் உண்டு, நாட்டுக்கோழிக் குஞ்சு விற்பவர்கள் பஸ்ஸில் பார்சல் போடுவதும் உண்டு. குஞ்சும் தீனியும் கொடுத்துப் பண்ணையாளர்களிடம் கோழி வளர்க்க விடும் பெரிய ஒருங்கிணைப்பு நிறுவனங்களின் வண்டிகளில் காற்றாடியும் வெப்பமானியும் வந்துவிட்டன. சிறு வியாபாரிகளிடம் வலை அடித்த பிக்கப்தான். அதில் காற்று வருவது வண்டி ஓடுவதால் மட்டுமே.

குஞ்சு வண்டி ஓட்டிப் பழகியவர்களுக்கு இது புத்தகம் படிக்காமலே தெரியும். "ஓடற வரைக்கும் ஒண்ணும் ஆகாதுங் சார், நிறுத்துனாத்தானுங்க வம்பு" என்பார்கள். தெரிந்தவர்கள் டீ குடிக்க நிறுத்தினாலும் மர நிழலாகப் பார்த்து, காற்று வீசும் பக்கம் வண்டியைக் குறுக்கே போட்டு, பத்து நிமிடத்தில் கிளம்பிவிடுவார்கள். தெரியாதவர் செக்போஸ்ட் வரிசையில் முக்கால் மணி நேரம் நிற்கும்போது பின்னால் போய்ப் பார்க்கவே மாட்டார். டயர் பஞ்சரானால் முதலில் செய்ய வேண்டியது பெட்டி அடுக்கைக் கலைத்து நிழலில் பரப்புவது. ஸ்டெப்னியைத் தேடுவது அதற்குப் பிறகு.

மழைக்காலத்தில் சாவு குறையும் என்று நினைப்பதும் தப்புக் கணக்கு. மழை வந்தால் தார்ப்பாயை நாலு பக்கமும் இழுத்துக் கட்டிவிடுகிறார்கள். குஞ்சு நனையக் கூடாது என்ற அக்கறைதான். ஆனால் அந்தத் தார்ப்பாய்க்கு உள்ளே டெலாவேர் டிரெய்லரில் நடந்ததே சின்ன அளவில் நடக்கிறது. முன்பக்கமும் பின்பக்கமும் மேலே ஒரு சாண் விட்டுக் கட்டினால் மழையும் உள்ளே வராது, சூடும் வெளியேறும்.

சட்டம் என்ன சொல்கிறது? 1978ஆம் ஆண்டு விலங்குகள் போக்குவரத்து விதிகளில் 2001ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழியாகக் கோழிகளுக்கென்று ஒரு பகுதி சேர்ந்தது. குஞ்சுகளைப் பொரித்தவுடன் அடைத்து அனுப்ப வேண்டும், பெட்டியில் வைத்துத் தேக்கக் கூடாது; நேர் வெயில், மழை, சூடு படாமல் அனுப்புபவரே கவனிக்க வேண்டும்; பெட்டியைச் சாய்க்காமல் மட்டமாகத் தூக்க வேண்டும்; பெட்டியின் மேலேயும் சுற்றிலும் வேறு சரக்கு அடுக்கக் கூடாது. 60 சென்டிமீட்டர் நீளம், 45 அகலம், 12 உயரம் உள்ள பெட்டிக்கு 80 குஞ்சு. பயணத்துக்கு முன்போ பயணத்திலோ தீனி, தண்ணீர் தரக் கூடாது என்றும் இருக்கிறது. ஓடுகிற வண்டியில் தண்ணீர் வைத்தால் குஞ்சு நனைந்து குளிரில் விறைத்துச் சாகும் என்பதால் அதில் நியாயம் உண்டு. ஆனால் எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் என்று சொல்கிற அந்தப் பகுதி, மணிக்கணக்கு வைப்பதில்லை. பெட்டியின் மேல் பொரித்த மணியை எழுதும் கட்டாயம் நமக்கும் வர வேண்டும் என்பது என் விருப்பம். எழுதினால்தான் வாங்குபவர் கேள்வி கேட்பார்.

நம் தொழிலில் நூறு குஞ்சுக்கு இரண்டு குஞ்சு கூடுதலாகப் போட்டுக் கொடுப்பது வழக்கம். வழியில் சாவதற்கு ஈடு. வாங்குபவருக்கு நஷ்டமில்லாத ஏற்பாடுதான். ஆனால் அந்த இரண்டும் இயல்பான சாவு என்ற எண்ணத்தையும் அது வளர்த்துவிட்டது. நல்ல வண்டியில், இரவுப் பயணத்தில், பத்து மணி நேரத் தூரத்துக்குப் பெட்டியில் ஒன்றுகூடச் சாகாமல் இறக்கியிருக்கிறார்கள். சாவதெல்லாம் செத்தே தீர வேண்டியவை அல்ல. கோடையில் பெட்டிக்கு நூறு போடுகிற இடத்தில் எண்பது, தொண்ணூறு என்று குறைத்தாலே பெரிய வித்தியாசம் தெரியும். பயன்படுத்திய அட்டைப்பெட்டியை மறுபடியும் அனுப்புவதை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் செய்யாதீர்கள். ஒரு பண்ணையின் கிருமி அடுத்த பண்ணைக்கு அதில்தான் போகிறது.

குஞ்சையே கொண்டுபோகாமல் முட்டையைக் கொண்டுபோகும் முறையும் ஐரோப்பாவில் வந்திருக்கிறது. நெதர்லாந்தின் வென்கோமேட்டிக், பெல்ஜியத்தின் நெஸ்ட்பார்ன் போன்றவை, 18 நாள் அடைவைத்த முட்டைகளைப் பண்ணைக்கே எடுத்துச் சென்று, தீனியும் தண்ணீரும் பக்கத்தில் இருக்க அங்கேயே பொரிக்க விடுகின்றன. முதல் குஞ்சு கடைசிக் குஞ்சுக்காகக் காத்திருக்க வேண்டியதே இல்லை. நம் சிறு பண்ணைகளுக்கு அது சீக்கிரம் வராது. கொட்டகையின் சூட்டையும் ஈரத்தையும் அவ்வளவு துல்லியமாகப் பிடித்து வைக்கும் வசதி வேண்டும். அதுவரை பெட்டியும் வண்டியும்தான்.

இறக்கிய பிறகு

நெடுந்தூரம் வந்த குஞ்சை இறக்கும்போது முதல் ஐந்து நிமிடத்தில் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. அடுக்கின் நடு, ஓரம், மேல், கீழ் என்று நான்கு இடத்திலிருந்து பெட்டிகளைத் திறந்து, ஒவ்வொன்றிலும் ஐந்தாறு குஞ்சை எடுத்து அதன் பாதத்தைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். கன்னத்துக்குச் சில்லென்று பட்டால் குஞ்சு குளிர்ந்திருக்கிறது. காலின் தோல் பளபளப்பாக, நிறைந்து இருக்க வேண்டும். சுருங்கி, நரம்பு எடுப்பாகத் தெரிந்தால் நீர் வற்றியிருக்கிறது. எச்சத்துவாரத்தில் வெள்ளை ஒட்டியிருக்கிறதா, தொப்புள் மூடியிருக்கிறதா என்று பாருங்கள். இதைக் குறித்து வைத்தால்தான் அடுத்த வாரம் சாவு வரும்போது ஹேச்சரியா, வண்டியா, நம் கொட்டகையா என்று பிரிக்க முடியும்.

புரூடரை, அதாவது குஞ்சுகளுக்குச் சூடு தரும் இடத்தை, வண்டி வருவதற்கு ஒரு நாள் முன்பே சூடேற்றித் தயாராக வைத்திருக்க வேண்டும். குஞ்சு உயரத்தில் 30 முதல் 32 டிகிரி போதும். சூட்டில் தவித்து வந்த குஞ்சைக் கொதிக்கிற புரூடருக்குள் கொட்டினால் இரண்டாவது அடி விழும். அதே நேரம் ஃபேனுக்கு நேரே வைத்துச் சட்டென்று குளிர வைக்கவும் வேண்டாம். தண்ணீர் முதலில். எலக்ட்ரோலைட் கலந்தது, ஃபிரிட்ஜ் குளிர்ச்சி இல்லாமல் நிழலில் இருந்தது. சோர்ந்த குஞ்சுகளின் அலகைத் தண்ணீரில் தொட்டு எடுத்து விடுங்கள். நான்கைந்து குடிக்கக் கற்றால் மற்றவை பார்த்து வரும். வெல்லத்தைத் தாராளமாகக் கரைப்பது கழிச்சலைத்தான் கொண்டுவரும். ஒன்றிரண்டு மணி நேரம் தண்ணீர் குடித்த பிறகு காகிதத்தில் தீனியைத் தூவுங்கள். கழுத்தடியில் உள்ள தீனிப்பையைத் தொட்டுப் பாருங்கள்; தீனி வைத்த இரண்டு மணி நேரத்தில் நான்கில் மூன்று பங்குக் குஞ்சுக்கும், 24 மணி நேரத்தில் நூற்றுக்கு 95க்கும் பை நிறைந்திருக்க வேண்டும்.

வண்டியில் பட்ட அடி பெரும்பாலும் அன்றைக்கே தெரியாது. மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாள் வரை, தண்ணீர் கண்டுபிடிக்காமலும் சிறுநீரகம் கெட்டும் ஒதுங்கி நின்ற குஞ்சுகள் சாகும். அவற்றை அறுத்துப் பார்க்காமல் புதைக்காதீர்கள். மார்புச் சதை கருத்து உலர்ந்து, இரைப்பை காலியாக, சிறுநீரகம் வெளுத்து வீங்கி, அதிலிருந்து இறங்கும் குழாய்களில் சுண்ணாம்பு போல் வெள்ளைப் பொருள் நிறைந்திருந்தால் அது நீர் வற்றிய சாவு. கிருமி மருந்து கொடுத்துப் பயனில்லை. மஞ்சள்கரு கரையாமல் பெரிதாக, நாற்றத்தோடு, பழுப்பு நிறத்தில் இருந்தால் தொப்புள் வழி நோய். ஹேச்சரியின் சுத்தத்தைக் கேட்க வேண்டும். முதல் வாரச் சாவு நூற்றுக்கு ஒன்றைத் தாண்டினால், எந்தப் பெட்டி அடுக்கின் எந்த இடத்திலிருந்து வந்தது, வண்டி எங்கே எவ்வளவு நேரம் நின்றது என்பதை ஓட்டுநரிடம் கேட்டு எழுதுங்கள். கறிக்கோழிக் குஞ்சானால், ஏழாம் நாள் எடை, குஞ்சு இறங்கிய நாள் எடையைப்போல் நான்கு மடங்கு வந்திருக்கிறதா என்று பார்த்து அதையும் அதே பக்கத்தில் குறித்து வையுங்கள்.